புன்னை நிழலில் விட்ட நாற்று

உ

தம்பி,

டிக்கெட் போட்டுவிட்டதாக உன் குரல் செய்தி வந்தபோது புன்னை மரத்தடியில் இருந்தவர்கள்: நான், உன் அப்பா, நம் வயலில் களை பறிக்க ஆள் கூட்டி வரும் செல்வி, செல்வியின் ஆடு. வேறு யாரும் இல்லை. அன்றைக்கு அங்கே நடந்ததற்கு இந்த நால்வர்தான் சாட்சி. ஆடு சொல்லாது. மற்ற மூன்று பேரும் இந்த இரண்டரை மாதமாக உன்னிடம் சொல்லாமல் இருந்துவிட்டோம். அவர்கள் இருவரும் வாயை மூடிக்கொண்டிருந்தது நான் கேட்டுக்கொண்டதால்தான். அதனால் அவர்களிடம் ஒன்றும் கேட்காதே.

அப்பா போனை ஸ்பீக்கரில் போட்டார். "அம்மா, நீ அனுப்புன போட்டோவப் பாத்துட்டு காவ்யா நம்பவே மாட்டேங்குறா. தை மாசம் பன்னெண்டு நாள் வரோம். கும்பகோணத்துல ரூம்லாம் வேணாம், வீட்லயே தங்கிக்கிறோம். நீ ஜெயிச்சிட்டம்மா" என்று நீ சொல்கிறாய். நீ சொல்லி முடிக்கும்போது ஆடு கடைசிக் கொத்தைப் பிடுங்கி மென்றுகொண்டிருந்தது. செல்வி கேட்டாள், "தம்பி எந்தப் போட்டோவக்கா சொல்லுது?" அப்பா ஆட்டைக் காட்டினார். "அதோ, உன் ஆடு தின்னுக்கிட்டு இருக்கே, அந்தப் போட்டோவத்தான்." செல்வி சிரித்தாள். அப்பாவும் சிரித்தார். நான் சிரிக்கவில்லை. மூன்று வருஷத்துக்குப் பிறகு என் பிள்ளை வீட்டுக்கு வருகிறேன் என்கிறான். எதைப் பார்த்து வருகிறேன் என்றானோ அது ஆட்டின் வாயில் இருக்கிறது.

நேராகவே சொல்லிவிடுகிறேன். நீயும் காவ்யாவும் போட்டோவில் பார்த்தது புல் இல்லை. நெல் நாற்று.

இதைப் போனில் சொல்லலாம் என்று எத்தனையோ நாள் எடுத்தேன். சொன்னால் நீ நடுவிலேயே "சரி விடும்மா" என்பாய். அந்த "சரி விடும்மா"வுக்குள் கோபம் இருக்கிறதா, வருத்தம் இருக்கிறதா, வேலை அவசரமா என்று நான் அடுத்த ஒரு வாரம் யோசித்துக்கொண்டிருப்பேன். அதனால் எழுதுகிறேன். ஐந்தாம் வகுப்போடு நிறுத்தப்பட்டவள் எழுதுவது. அதற்குப் பிறகு பஞ்சாங்கத்திலும் தேவாரப் புத்தகத்திலும் உன் பழைய பாடப் புத்தகங்களிலும் நானாகக் கற்றுக்கொண்ட எழுத்து. பிழை இருந்தால் திருத்திப் படித்துக்கொள். அப்பா பக்கம் பக்கமாகப் போட்டோ எடுத்து அனுப்புவார்.

எங்கிருந்து ஆரம்பித்தது என்று உனக்கும் தெரியும். மூன்று வருஷத்துக்கு முன் நீங்கள் வந்திருந்தபோது, மூன்றாம் நாள் காலை. காவ்யா சென்னையில் மூன்றாவது மாடியில் வளர்ந்த பெண். செருப்பைக் கழற்றிவிட்டு மண்ணில் நடக்க வேண்டும் என்று ஆசையோடு கொல்லைப் பக்கம் போனாள். நான் அப்போதுதான் சாணி தெளித்துக் கூட்டிவிட்டுத் துடைப்பத்தைச் சாத்தியிருந்தேன். முப்பது வருஷமாகக் கூட்டிக் கூட்டி அந்தத் தரை தாம்பாளம் மாதிரி கெட்டியாகப் போயிருந்தது. கூட்டிய பிறகு விழுந்த புன்னைக் கொட்டை ஒன்றோ இரண்டோ கிடந்திருக்கும், கோலிக் குண்டு மாதிரி. அதில் கால் வைத்து வழுக்கி, வலது கையை ஊன்றி விழுந்தாள். சத்தம் கேட்டு முதலில் ஓடி வந்தவள் நான்தான். வந்து நான் சொன்ன முதல் வார்த்தை என்ன தெரியுமா? நீ அப்போது குளித்துக்கொண்டிருந்தாய், உனக்குத் தெரியாது. அவள் உன்னிடம் சொல்லியிருக்கவும் மாட்டாள் என்று நினைக்கிறேன். "ஏம்மா, தரையப் பாத்து நடக்கத் தெரியாது? இப்பத்தானே கூட்டினேன்!" என்றேன்.

கூட்டாமல் போட்டுவிட்டேன் என்று யாரும் சொல்லிவிடக் கூடாதே என்பதுதான் எனக்கு முன்னால் வந்து நின்றது. தரையில் கிடந்த பெண் அதற்கு அப்புறம்தான் கண்ணில் பட்டாள். அவள் என்னைப் பார்த்த பார்வை இன்னும் எனக்கு மறக்கவில்லை. "சாரி அத்தை" என்றாள். விழுந்தவள் என்னிடம் மன்னிப்புக் கேட்டாள்! மணிக்கட்டில் கட்டுப் போட்டு, நான்கு நாள் முன்னதாகவே டிக்கெட்டை மாற்றிக்கொண்டு கிளம்பினீர்கள். அதற்குப் பிறகு எத்தனையோ தடவை "கை எப்படிம்மா இருக்கு?" என்று கேட்டிருக்கிறேன். அன்றைக்குச் சொன்னதைப் பற்றி ஒரு வார்த்தை பேசினதில்லை. நீயும் உன் வீட்டில் யார் விழுந்தாலும் முதலில் தூக்கு. எப்படி விழுந்தார்கள் என்று கேட்பதற்கு நாள் முழுக்க இருக்கிறது.

நீங்கள் கிளம்பிய அன்று நான் மரத்தடியைக் கூட்டவில்லை. ஊருக்குப் போனவர்கள் போய்ச் சேர்ந்தோம் என்று சொல்லும்வரை கூட்டக் கூடாது. என் அம்மா வீட்டிலும் அப்படித்தான், இங்கேயும் அப்படித்தான். உன் ஷூ தடமும் அவள் செருப்புத் தடமும் பெட்டியின் சக்கரத் தடமும் கார் நின்ற இடம் வரைக்கும் அப்படியே கிடந்தன. நீ கனடா போய் இறங்கிய மறுநாளே அப்பாவுக்கு மெசேஜ் அனுப்பிவிட்டாய். அவர் என்னிடம் சொல்ல மறந்துவிட்டார். கோபத்தில் இருக்கிறான், அதனால்தான் சொல்லவில்லை என்று நினைத்து, கேட்கவும் பயந்துகொண்டு ஒன்பது நாள் துடைப்பத்தைத் தொடாமல் இருந்தேன். இலை விழுந்து விழுந்து தடங்களை மூடியது. பத்தாம் நாள் தெரிந்ததும் வெறுப்போடு கூட்டினேன். அப்போது இலைக்கு அடியில் ஊசி ஊசியாக நாலைந்து பச்சை முளை இருந்தது, பனி ஈரத்தில் வந்தது. அதையும் சேர்த்துத் தள்ளிவிட்டேன். அது என்ன என்று அன்றைக்கு எனக்கு யோசிக்கத் தோன்றவில்லை.

போன தை மாதம் நீ பேசினபோது என்ன சொன்னாய் என்று ஞாபகம் இருக்கிறதா? "ரெண்டு புன்னையையும் வெட்டிடுங்கம்மா. அந்த எடத்துல நல்ல புல்லாப் போட்டுறலாம், பணம் நான் அனுப்புறேன். அவ வெறுங்கால்ல நடக்கட்டும். இல்லன்னா நாங்க வந்தாலும் கும்பகோணத்துல ரூம் போட்டுத்தான் தங்குவோம்." நான் ஒரு வருஷம் கேட்டேன். மரத்தை வெட்டாமலே அதன் அடியில் புல் வளர்த்துக் காட்டுகிறேன், முடியாவிட்டால் நீ சொன்னபடி வெட்டிவிடலாம் என்றேன். நீ "ஒரு வருஷம்தான்" என்றாய். அந்தப் புன்னைப் பூவைத்தான் வைகாசியில் அம்பாளுக்குக் கட்டிக் கொடுக்கிறேன். அந்தக் கொட்டையை ஆட்டிய எண்ணெயில்தான் தெருக்கோடிப் பிள்ளையாருக்கு விளக்கு எரிகிறது. மூட்டு வலி வந்ததிலிருந்து பகல் முழுக்க அப்பாவின் கட்டில் அங்கேதான். அதெல்லாம் காரணம்தான், ஆனால் முழுக் காரணம் இல்லை. என் வீட்டில் என் பிள்ளை ரூம் போட்டுத் தங்குவதாகச் சொன்னதை என்னால் தாங்க முடியவில்லை. ஏதாவது ஒன்றில் நான் ஜெயிக்க வேண்டியிருந்தது.

சித்திரையில் தரையைக் கொத்தினோம். கடப்பாரைதான் இறங்கியது, மண்வெட்டி இறங்கவில்லை. "ரோடு போட்டு வச்சிருக்கியே" என்றார் அப்பா. வரப்பிலிருந்து அருகம்புல்லை வேரோடு கொண்டு வந்து ஒரு சாண் இடைவெளியில் நட்டேன். பிள்ளையாருக்கு உகந்த புல், கைவிடாது என்று நம்பினேன். இரண்டு வேளையும் தண்ணீர் விட்டேன். ஆனி மாதத்துக்குள் நூல் மாதிரி மெலிந்து வெளுத்துப் போய்விட்டது. மர நிழல் முடிகிற விளிம்பில் மட்டும் ஒரு முழம் நின்றது. திருவிடைமருதூர் ரோட்டில் செடி விற்கிற ஒருவரிடம் போய்க் கேட்டேன். பாய் மாதிரி சுருட்டி வைத்திருந்த புல்லைக் காட்டிவிட்டு, "எத்தன மணி நேரம் வெயில் விழும்மா?" என்றார். எனக்குச் சொல்லத் தெரியவில்லை. "புன்னையா? வருஷம் பூரா எல கொட்டாம இருக்குமே. மரத்த எடுத்துட்டு வாங்க, நாளைக்கே விரிச்சுத் தரேன்" என்றார். நீ சொன்னதையே அவரும் சொன்னார். பஸ்ஸில் திரும்பி வரும்போது எனக்கு அழுகையாக வந்தது.

மறுநாளிலிருந்து பால் கணக்கு நோட்டின் பின்பக்கத்தில் வெயில் கணக்கு எழுத ஆரம்பித்தேன். காலை ஆறு மணியிலிருந்து மணிக்கு ஒரு தடவை, வெயில் எங்கே விழுகிறது என்று கோலப்பொடியால் கோடு போட்டேன். அதுவரை முப்பது வருஷமாக அந்தத் தரையைக் கூட்டியவளுக்கு, கிழக்குப் பக்கம் எட்டு மணியிலிருந்து பத்தரை வரை இலை இடுக்கில் வெயில் இறங்குகிறது என்பதும், அடிமரத்தைச் சுற்றி நாள் முழுக்க ஒரு பொட்டு வெயில்கூட விழுவதில்லை என்பதும் தெரியாது. ஆடியில், மரத்துக்கு மஞ்சள் குங்குமம் வைத்து, "தப்பா எடுத்துக்காதே தாயே" என்று சொல்லி, தாழ்ந்த கிளைகள் நான்கை மட்டும் வெட்டச் சொன்னேன். வெயில் இன்னும் கொஞ்ச நேரம் கூடியது.

அந்தச் சமயத்தில்தான் காவ்யா வீடியோவில் பேசினாள். "புல்லு வந்துச்சா அத்தை?" என்றாள். "வரும்" என்றேன். அவள் போனைத் திருப்பி உங்கள் வீட்டுப் பின்பக்கத்தைக் காட்டினாள். ஊசி இலை மரங்கள் நெடுநெடுவென்று நிற்கின்றன. "இங்கயும் அதே கதைதான் அத்தை. சுத்தி எல்லா எடத்துலயும் புல்லு இருக்கு, இந்த மரத்துக்கடியில மட்டும் ஒண்ணுமே வரமாட்டேங்குது, பாருங்க" என்றாள். எனக்கு அது குத்திக்காட்டுவது மாதிரி பட்டது. கனடாவிலேயே வராதது உன் கொல்லையில் வந்துவிடுமா என்று கேட்கிறாள் என்று எடுத்துக்கொண்டேன். "ரசம் பொங்குதும்மா" என்று சொல்லி வைத்துவிட்டேன். அடுப்பில் ரசமே இல்லை.

அந்த வீம்பில்தான் செய்தேன். ஆவணியில் சம்பாவுக்கு நாற்று விட்டு மிச்சம் ஒரு மரக்கால் முளை கட்டின விதை சாக்கில் இருந்தது. புல் வராவிட்டால் என்ன, நெல்லும் புல் ஜாதிதானே என்று கொத்திய மண்ணில் நெருக்கமாக விதைத்துவிட்டேன். இந்த ஊரில் பிறந்து வளர்ந்தவளுக்கு வேறு எதை வைத்துப் பச்சை காட்டத் தெரியும்! பத்தாம் நாள் கிளி மாதிரி பச்சை, விரித்த பாய் மாதிரி. அப்பா வந்து பார்த்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டார். "வயல்ல நெல்லுக்கு நடுவுல புல்லு வளருது. புல்லு வேணுங்கிற எடத்துல நெல்ல வளக்குற. நல்ல குடும்பம்!" அவரையே போட்டோ எடுக்கச் சொன்னேன். "புல்லுன்னு சொல்லியா அனுப்பணும்?" என்றார். "ஒண்ணும் சொல்லாதீங்க. படத்த மட்டும் அனுப்புங்க" என்றேன். வாயால் பொய் சொல்லவில்லை என்று அன்று சாமி விளக்கு ஏற்றும்போது எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். சாமிக்குத் தெரியாதா!

இருபதாம் நாள் எல்லாம் மஞ்சள் பூத்து, தண்டு நீண்டு, படுத்துவிட்டது. நிழலில் நாற்று நிற்காது என்று எனக்குத் தெரியாமல் இல்லை. வரப்போரத்தில் மரம் இருந்தால் அதன் கீழ் நெல் விளையாது என்று இந்த ஊரில் எல்லோருக்கும் தெரியும். தெரிந்தே செய்தேன். செல்வி ஆட்டை அவிழ்த்து விட்டாள். உன் செய்தி வந்தது.

நீ ஒரு வார்த்தை திட்டுவதற்கு முன் மீதியையும் படி. அன்றைக்கு அப்பா எழுந்து உள்ளே போன பிறகு செல்வி மட்டும் நின்றாள். "அக்கா, நான் ஒண்ணு சொன்னா கோச்சுக்கக் கூடாது. வெயில்ல பொறந்த புல்ல நிழல்ல கொண்டாந்து வச்சா அது எப்புடி நிக்கும்? வாய்க்காக் கரையில மூங்கில் கொல்லைக்குள்ள பாத்துருக்கீங்களா? பகல்லயே இருட்டா இருக்கும். அதுக்குள்ள அகல எலையா ஒரு புல்லு படந்து கெடக்கும், மெத்து மெத்துன்னு. அது நெழல்லயே பொறந்தது." பேர் என்ன என்று கேட்டேன். "பேரா? களைன்னு சொல்லுவோம். புடுங்கிப் போடுறதுக்குப் பேரு எதுக்கு?" என்றாள். ஐப்பசி மழை பிடித்ததும் அவளும் நானும் கூடையில் வெட்டி எடுத்து வந்தோம். நட்டுக்கொண்டிருக்கும்போது அவளுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "இத்தன வருசமா புல்லு புடுங்கக் கூலி குடுத்தீங்க. இப்ப புல்லு நடக் கூலி குடுக்குறீங்க. தம்பி இன்னும் ரெண்டு தடவ கோச்சுக்கிட்டா எங்க வீட்டுக்கு மாடி கட்டிருவேன்." உனக்கு ஒன்று சொல்கிறேன்: நீ செய்கிற வேலையைப் பற்றிக் கேட்க வேண்டுமானால், அதைக் கையால் செய்கிறவரிடம் முதலில் கேள். நான் எட்டு மாதம் கழித்துக் கேட்டேன்.

அவள் போட்ட கட்டளை ஒன்றே ஒன்று. துடைப்பத்தைக் கொல்லைப் பக்கம் கொண்டு வரக் கூடாது. எனக்கு அதுதான் எல்லாவற்றையும்விடக் கஷ்டமாக இருந்தது. உன் பெரியம்மா வந்து பார்த்துவிட்டு, "என்னடி, கொல்லை கூட்டாமக் கெடக்கு, ஒடம்பு கிடம்பு சரியில்லையா?" என்று கேட்டார். குனிந்து கொட்டையைப் பொறுக்கிக்கொண்டிருந்தேன். புல்லின் மேல் விழுகிற இலையையும் கொட்டையையும் தினம் காலையில் கையாலேயே எடுக்கிறேன். அப்படிக் குனிந்திருக்கும்போதுதான் நீ ஒன்பது வயதில் பள்ளிக்கூடத்தில் சொன்னார்கள் என்று அங்கே நட்டுவைத்த பயறு விதைகளும், அதை மறுநாள் காலையில் நான் கூட்டித் தள்ளியதும், நீ அழுதபோது "எடம் சுத்தமா இருக்கணும்" என்று அதட்டியதும் ஞாபகம் வந்தது. காவ்யா வீடியோவில் சொன்னதும் அப்போதுதான் வேறு மாதிரி புரிந்தது. அவள் என்னைக் குத்திக்காட்டவில்லை. எனக்கும் இதே கஷ்டம்தான் என்று என் பக்கத்தில் வந்து உட்காரப் பார்த்திருக்கிறாள். நான் ரசத்தைச் சொல்லி எழுந்து போய்விட்டேன்.

இனி, இன்றைக்கு இருப்பதை இருக்கிறபடி எழுதுகிறேன். கார்த்திகை முடியப்போகிறது. கிழக்குப் பக்கம் ஆறு கோரைப்பாய் விரிக்கிற அளவுக்குப் புல் பிடித்திருக்கிறது. கிளிப்பச்சை இல்லை, கரும்பச்சை. இலை அகலம், காலுக்கு மெத்தென்று இருக்கிறது. நானே செருப்பில்லாமல் நடந்து பார்த்தேன். நடுவில் இரண்டு இடம் சொட்டையாக இருக்கிறது. மேற்கு மரத்தடியிலும், இரண்டு மரத்தின் அடியைச் சுற்றியும் ஒன்றும் வரவில்லை, வராது. அங்கே இலையை அப்படியே விட்டுவிட்டேன். நீ போட்டோவில் பார்த்த மாதிரி கொல்லை முழுக்கப் பச்சை என்பது என் காலத்தில் நடக்காது. மரம் இருக்கிறவரை நடக்காது. நீ கொடுத்த ஒரு வருஷத்துக்கு இவ்வளவுதான் என் கணக்கு.

இதைப் படித்துவிட்டு, ஏமாற்றிவிட்டாள் என்று டிக்கெட்டை நீ ரத்து செய்தால் நான் ஒன்றும் சொல்ல முடியாது. மரத்தை வெட்டினால்தான் வீட்டில் தங்குவோம் என்று நீ முடிவாகச் சொன்னால், அதையும் எழுது. அப்பாவிடம் பேசிவிட்டேன். அவர் "புள்ளைக்கு மேலயா மரம்?" என்றார். அந்த வார்த்தையை அவர் வாயிலிருந்து வாங்கியிருக்க வேண்டாம் என்று எனக்கு இருக்கிறது. ஆனாலும் அதுதான் எங்கள் இரண்டு பேருடைய பதிலும். அரிவாள்காரருக்குச் சொல்லி அனுப்ப இரண்டு நாள் போதும்.

காவ்யாவிடம் இதில் பாதியை மட்டும் படித்துக் காட்டாதே. எல்லாப் பக்கத்தையும் அவள் கையிலேயே கொடு. நான் அன்றைக்குச் சொன்னதை அவள் உன்னிடம் மறைத்திருந்தால், இனி மறைக்க வேண்டாம் என்று சொல். அம்மா காவ்யா, உன்னைத் தூக்குவதற்கு முன் நான் பேசியது தப்பு. மூன்று வருஷமாக அதைச் சொல்லாமல் கை எப்படி இருக்கிறது என்று மட்டும் கேட்டுக்கொண்டிருந்ததும் தப்பு. புல் வளர்ந்தால் அது தானாகச் சரியாகிவிடும் என்று நினைத்தேன். அது புல்லால் ஆகிற காரியம் இல்லை என்று இப்போது தெரிகிறது.

ஒவ்வொரு நாளும் இரண்டு பேருக்குக் கூடுதலாக அரிசி எடுத்துவிட்டுத் திரும்பக் கொட்டுகிறேன், தம்பி. உன் அறையை ஒழித்து, மெத்தையை வெயிலில் போட்டு எடுத்துவைத்துவிட்டேன். இதையெல்லாம் எழுதியது உன்னைக் கட்டாயப்படுத்துவதற்காக இல்லை. நடக்கிறதை எழுதுகிறேன், அவ்வளவுதான். உண்மை தெரிந்த பிறகும் வருகிறீர்களா, வரவில்லையா? நீ எழுதினாலும் சரி, காவ்யா எழுதினாலும் சரி. ஒரு வரி போதும். மார்கழி பிறப்பதற்குள் பதில் போடு.

அம்மா